யூனிட் மாறும் லீஸ்கள்: ஐந்து வருடம் பயன்படுத்திய பிறகு

எங்கள் கம்பெனியின் லீஸ் கணக்கை எக்செல்லிலிருந்து தனி சாஃப்ட்வேருக்கு மாற்றி ஐந்து வருடம் ஆகிறது. கடை, குடோன், ஆபீஸ் எல்லாம் சேர்த்து 110 வாடகை ஒப்பந்தங்கள். மாத வட்டி, தேய்மானம், ஜர்னல் இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒப்பந்தத்தை நீட்டித்தால் மறுகணக்கும் ஒழுங்காகப் போடுகிறது. நான் எழுத வந்தது ஒரே ஒரு வசதியைப் பற்றி: ஒரு யூனிட்டில், அதாவது தனியாகக் கணக்குப் பார்க்கும் ஒரு பிரிவில், இருக்கும் லீஸை இன்னொரு யூனிட்டுக்கு மாற்றுவது (டிரான்ஸ்ஃபர்). டெமோவில் இதை இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் சில்லறை விற்பனைப் பிரிவின் குடோன்களை விநியோகப் பிரிவுக்குக் கொடுத்தபோது 32 லீஸ்களை நகர்த்த வேண்டி வந்தது. இதில் எங்கெல்லாம் பள்ளம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலில், இரண்டு யூனிட்டும் ஒரே கம்பெனிக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கட்டட ஓனரைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை, அதே பத்திரம், அதே வாடகை, அதே கெடு. லீஸ்களுக்கான இந்தியக் கணக்கியல் தரமான இண்ட் ஏஎஸ் 116 பார்வையில் இது லீஸ் மாற்றமே இல்லை, அதனால் வட்டி விகிதத்தைத் தொடக்கூடாது. இரண்டும் தனித்தனி கம்பெனிகள் என்றால் ஓனரின் சம்மதம், புது ஒப்பந்தம் என்று விஷயம் வேறு மாதிரி போகும். அதற்கு டிரான்ஸ்ஃபர் வசதி பொருந்தாது, வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எங்கள் பழைய டீம் செய்து வந்த வழி, பழைய யூனிட்டில் லீஸை முடித்துவிட்டுப் புது யூனிட்டில் புதிதாக உருவாக்குவது. பலரும் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். ஏன் என்று ஒரு கணக்கோடு சொல்கிறேன். வருடம் 12 லட்சம் வாடகை, வருடக் கடைசியில் கட்டுவது, ஐந்து வருடம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தரத்தின்படி இடத்தைப் பயன்படுத்தும் உரிமை சொத்தாகவும், இனி கட்ட வேண்டிய வாடகையின் இன்றைய மதிப்பு கடனாகவும் கணக்கில் ஏறும். தொடக்கத்தில் சொத்தும் கடனும் ரூ.45.49 லட்சம். இரண்டு வருடம் கழித்துச் சொத்து மதிப்பு 27.29 லட்சமாக இறங்கியிருக்கும், ஆனால் கடன் பாக்கி 29.84 லட்சம். சொத்து சீராகத் தேய்கிறது, கடன் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் குறையும், அதனால் நடுவில் எந்தத் தேதியில் பார்த்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும். இந்த நிலையில் முடித்துத் திறந்தால் பழைய யூனிட்டுக்கு 2.55 லட்சம் லாபம் வந்துவிடும், யாருமே சம்பாதிக்காத லாபம். புது யூனிட்டில் சொத்து 29.84 லட்சத்தில் புதிதாகத் தொடங்குவதால், அதன் தேய்மானமோ வருடத்துக்கு 9.10 லட்சத்திலிருந்து 9.95 லட்சமாக ஏறிவிடும். இடையில் வட்டி 9 சதவீதமாக இறங்கியிருந்து யாராவது அதைப் போட்டுவிட்டால் கடனே 30.38 லட்சமாகிவிடும். இதெல்லாம் போதாதென்று, வருடாந்தர அறிக்கையில் காட்ட வேண்டிய லீஸ் சொத்துச் சேர்க்கைத் தொகையும் வீணாக ஊதிப்போகும்.

டிரான்ஸ்ஃபர் வசதியின் அருமை இங்கேதான். மூல மதிப்பு, அதுவரை தேய்ந்த தொகை, கடன் பாக்கி மூன்றும் அப்படியே தனித்தனியாக நகர்கின்றன, அட்டவணை அறுபடுவதில்லை. அந்த 2.55 லட்சம் இரண்டு யூனிட்டுக்கும் இடையிலான கணக்கில் போய் உட்கார வேண்டும். எங்கள் சாஃப்ட்வேரில் அந்தக் கணக்கு எண்ணை நாமேதான் செட்டிங்ஸில் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அது லாப நஷ்டக் கணக்கில் இருக்கும் ஒரு இதர வருமானக் கணக்கை எடுத்துக்கொள்கிறது, எச்சரிக்கைகூடத் தருவதில்லை. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு காலாண்டு முடிவு தேவைப்பட்டது.

அப்புறம், எங்களை அதிகம் அலைக்கழித்தது வாடகை பில்தான். லீஸ் புது யூனிட்டுக்குப் போய்விட்டது, ஆனால் பில் போடும் பக்கம் பழைய யூனிட் கோடு அப்படியே இருந்தது. மாதாமாதம் கட்டிய வாடகை பழைய யூனிட்டின் கடன் கணக்கில் பற்றாக விழுந்துகொண்டே வந்தது, அங்கே கழிப்பதற்குக் கடனே இல்லை. மொத்தக் கம்பெனியின் எல்லாக் கணக்கு இருப்புகளையும் பட்டியலிடும் டிரையல் பேலன்ஸில் இது தெரியவே தெரியாது, கூட்டினால் சரியாகத்தான் வரும். இரண்டு மாதம் கழித்து யூனிட் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் எட்டு குடோன்களின் கடன் பற்று நிலுவையில் நின்றது தெரிந்தது. மாற்றும் அன்றே பில் கோடையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

ஓனரிடம் கொடுத்த அட்வான்ஸும் தானாக நகராது. அது வேறு கணக்கு, அதற்குத் தனி ஜர்னல்.

ஜிஎஸ்டி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஓசூரில் இருக்கும் ஒரு குடோனை பெங்களூரு யூனிட்டின் கீழ் கொண்டுவந்தோம். உடனே சாஃப்ட்வேர் யூனிட்டைப் பார்த்துக் கர்நாடகப் பதிவு எண்ணை எடுத்துக்கொண்டது. கட்டடம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அதுதான் வாடகைக்கு ஜிஎஸ்டி சட்டம் சொல்லும் வழங்கல் இடம் (பிளேஸ் ஆஃப் சப்ளை), யூனிட்டின் தலைமை எங்கே இருந்தாலும் சரி. ஓசூர் ஓனர் போடும் பில்லில் தமிழ்நாட்டு வரிதான் இருக்கும், கட்டிய அந்த வரியைக் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டைத் தமிழ்நாட்டுப் பதிவில்தான் எடுக்க முடியும். நல்லவேளையாக எங்கள் வரிப் பிரிவில் ஒருவர் ரிட்டர்ன் போடும் முன்பே பிடித்துவிட்டார். இப்போது பதிவு எண்ணை யூனிட்டோடு இணைக்காமல் கட்டடத்தின் முகவரியோடு இணைத்து வைத்திருக்கிறோம்.

தேதி பற்றி ஒரு வார்த்தை. நிர்வாகத்தின் உத்தரவு எப்போதும் 'போன மாதம் 17 முதல்' என்கிற மாதிரிதான் வரும். எங்கள் சாஃப்ட்வேர் பின்தேதியை ஏற்கும், ஆனால் மூடிய மாதங்களுக்கான தொகையை மொத்தமாக நடப்பு மாதத்தில் போட்டுவிடும், அந்த மாத யூனிட் முடிவைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. மாதத்தின் முதல் தேதியில் மட்டும்தான் மாற்றுவோம் என்று பிரிவுத் தலைவர்களிடம் பேசி எழுத்தில் வாங்கிவிட்டோம், அதற்குப் பிறகு தொல்லை குறைந்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் இரண்டு யூனிட்டின் சொத்து, கடன், தேய்மானம் மூன்றையும் எடுத்து ஒரே தாளில் ஒப்பிட்டு வைக்கிறேன். ஒரு லீஸுக்குப் பத்து நிமிடம் ஆகும், ஆடிட்டர் கேட்டால் அந்தத் தாளைத்தான் கொடுக்கிறேன். சாஃப்ட்வேரை மாற்றும் எண்ணம் இல்லை. டிரான்ஸ்ஃபர் செய்யும்போதே பில் கோடும் அட்வான்ஸும் சேர்ந்து நகரும்படி செய்து தாருங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.