கத்தரிப்பூச் சேலைக்கு ஆட்டோவா, புரோவா?

சேலை கைக்குக் கிடைத்த அன்றைக்கே கனடாவில் இருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. "தங்கச்சி, நான் கேட்டது நீலம். நீங்க அனுப்பினது கத்தரிப்பூ." நாங்கள் அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. படத்தில் அது நீலம்தான். திருப்பி அனுப்பினால் தபால் செலவே சேலை விலையைத் தொட்டுவிடும். மச்சாள் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

நானும் மச்சாளும் மருதமுனையில் நெய்கிற கைத்தறிச் சேலைகளையும் சாரன்களையும் எடுத்து வந்து, மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்துப் படம் எடுத்து விற்கிறோம். படம் எடுப்பது என் பொறுப்பு. தனிக் கமரா வாங்க இப்போதைக்கு வசதியில்லை. கையில் இருப்பது நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன். கனடாச் சேலைக்குப் பிறகு எனக்கு இரண்டு வழி இருந்தது. கமராவின் அளவுகளைப் போனே தீர்மானிக்கும் ஆட்டோ முறையிலேயே எடுத்து, பிறகு செயலியில் நிறத்தைத் திருத்துவது ஒன்று. எடுக்கும்போதே புரோ முறையில் எல்லாவற்றையும் கையால் வைத்துவிடுவது மற்றது. முதலாவதை இரண்டு மாதம் செய்து பார்த்தேன். இரண்டாவதற்கு வந்து ஏழு மாதமாகிறது. இனி ஆட்டோவுக்குத் திரும்பமாட்டேன், குறைந்தது துணி எடுப்பதற்கு.

ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டி எடுக்கிறது என்ற அளவு), ஷட்டர் (எவ்வளவு நேரம் வெளிச்சத்தை வாங்குகிறது என்ற அளவு) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் வெளிச்சமாகும், கூடவே மணல் தூவியது போல் புள்ளி விழும். ஷட்டரை மெதுவாக்கினாலும் வெளிச்சம் கூடும், ஆனால் கை அசைந்தால் படம் கலங்கும். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரம் மாறாத ஒரே அளவு என்பதால், கமராக்காரர்கள் சொல்லும் மூன்றாவது கணக்கு நமக்கு இல்லை. ஒரு பின்னேரம் போதும், பழகிவிடலாம்.

எனக்கு விசயம் முழுவதும் ஒயிட் பேலன்ஸில்தான் இருந்தது, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டுவதில்.

எல்லா வெளிச்சமும் ஒரே வெள்ளை கிடையாது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். பழைய மஞ்சள் குமிழின் வெளிச்சம் 2700 கெல்வின் அளவில் இருக்கும். நடுப்பகல் வெயில் 5500 அளவு. நேர் வெயில் படாமல் நீல வானத்தின் ஒளி மட்டும் விழும் நிழல் 7000ஐத் தொடும். நம் கண் இதையெல்லாம் தானாகச் சரிசெய்துகொள்ளும். போனும் ஆட்டோவில் அதைச் செய்யப் பார்க்கிறது. படத்துக்குள் உள்ள நிறங்களை வைத்து, வெளிச்சம் என்ன நிறம் என்று ஊகித்து, அதற்கு எதிர் நிறத்தைச் சேர்க்கிறது. கல்முனைச் சந்தையை எடுத்தால் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். அங்கே மரக்கறி, குடை, சட்டை, தார் வீதி என்று எல்லா நிறமும் கலந்து கிடக்கும். ஒரே நிறச் சேலை படத்தை நிறைத்து நின்றால் போனுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. சேலையின் நிறத்தையே வெளிச்சத்தின் நிறம் என்று எடுத்துக்கொண்டு அதைக் கழுவிவிடப் பார்க்கிறது. அரக்கு வெளிறும். மாம்பழ மஞ்சள் மங்கிப் போகும். கத்தரிப்பூவில் உள்ள சிவப்பைக் குறைத்தால் மிஞ்சுவது நீலம்.

ஒரு பிழை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இந்த ஊகம் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக நடக்கிறது என்பதுதான் என்னை அலைக்கழித்தது. சேலையை முழுதாக விரித்து ஒரு படம், முந்தானைக்கு ஒன்று, நெசவு தெரியக் கரையைக் கிட்டப் பிடித்து ஒன்று எடுப்பேன். மூன்றிலும் மூன்று நிறம். வாங்குகிறவர் எதை நம்புவார்?

திருத்தும் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, நல்லவை, இலவசமானவையும் உண்டு. ஒரு சேலைதான் விற்கிறீர்கள் என்றால் அதுவே போதும். நாங்கள் ஒரு தடவை மருதமுனை போய்வந்தால் முப்பது, நாற்பது துணி வரும். துணிக்கு மூன்று படம் வைத்தாலும் நூறளவு வரும். ஒவ்வொரு படத்தின் பிழையும் வேறு என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து திருத்த வேண்டும். திருத்தும்போது சேலை பக்கத்தில், பகல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். எனக்கோ பகலில் உட்கார நேரம் கிடைப்பதில்லை. இரவு ஒன்பது மணிக்கு, குமிழின் கீழ், நினைவில் இருந்த நிறத்துக்குத் திருத்தினேன். மறுநாள் காலையில் பார்த்தால் கிளிப்பச்சை பாசிப்பச்சையாக இருக்கும். அந்த இரண்டு மாதமும் நான் படத்தைத் திருத்தியதாகச் சொல்வதைவிட, ஒரு பிழையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தேன் என்பதே உண்மை.

புரோவில் ஒயிட் பேலன்ஸைப் பூட்டினால் போன் ஊகிப்பதை நிறுத்திவிடும். வெளிச்சம் எத்தனை கெல்வின் என்று நாமே சொல்கிறோம், போன் அதற்கு எதிர் நிறத்தைச் சேர்க்கும். நான் செய்வது இவ்வளவுதான்: முதல் துணியின் மேல் ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்து எடுப்பேன். திரையில் கடதாசி மஞ்சளாகத் தெரிந்தால் கெல்வின் எண்ணைக் குறைப்பேன், நீலமாகத் தெரிந்தால் கூட்டுவேன். வெள்ளையானதும் அதே எண்ணிலேயே நாற்பது துணியும். நான் வைத்த எண் கொஞ்சம் பிழைத்தாலும் எல்லாப் படத்திலும் ஒரே பிழைதான் இருக்கும். ஆகவே ஒரு படத்தைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை மற்ற எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடலாம். லைட்ரூம் செயலியில் அதற்கு வசதி உண்டு. இரண்டு இரவு பிடித்த வேலை அரை மணித்தியாலத்துக்கு வந்துவிட்டது. அச்சடிக்கும் கடதாசியில் வெண்மை கூட்டும் பொருள் கலப்பதால் பகல் வெளிச்சத்தில் அது சற்று நீலம் காட்டும். படக்காரர்கள் பயன்படுத்தும் சாம்பல் அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது.

வெளிச்ச அளவையும் இதே காரணத்துக்காகத்தான் பூட்டுகிறேன். ஆட்டோ எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சாரன் அழுக்கேறியது போலவும், கறுப்புச் சேலை துவைத்துத் துவைத்து வெளிறியது போலவும் வருவது அதனால்தான். இரண்டையும் ஒரே எண்ணில் எடுத்தால் வெள்ளை வெள்ளையாக, கறுப்பு கறுப்பாக நிற்கும். கடுஞ்சிவப்புக்கு மட்டும் ஷட்டரை ஒரு படி வேகமாக்குவேன். இல்லையென்றால் சிவப்பு நிரம்பி வழிந்து, நெசவின் வரி தெரியாமல் ஒரே தட்டையாகிவிடும்.

புரோ முறையின் கெல்வின் அளவால் முடியாத ஒன்றும் உண்டு. அது மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையில்தான் நகரும். பச்சைக்கும் இளஞ்சிவப்புக்கும் இடையில் நகர்த்த வேறொரு அளவு வேண்டும். என் போனில் அது இல்லை. பக்கத்து வீட்டு மதிலுக்குப் பச்சை அடித்த கிழமையில் எங்கள் சேலைகள் எல்லாம் லேசாகப் பச்சை பூத்து வந்தன. கெல்வினை எங்கே வைத்தாலும் போகவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம், சரியாகிவிட்டது. மாமரத்து நிழலில் துணி எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை வரும்.

எங்கள் விறாந்தை வடக்குப் பார்த்தது. நேர் வெயில் வராத திசை என்று புத்தகக்காரர்கள் எழுதுவார்கள். மட்டக்களப்புக்கு அது முழு வருடமும் பொருந்தாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏழரைப் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் கிழமையளவில் நடுப்பகல் சூரியன் தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, செப்டம்பர் தொடக்கம்வரை அங்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் விறாந்தையின் விளிம்பில் ஒரு வெயில் பட்டை விழும். சேலையின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் எந்த எண்ணாலும் இரண்டையும் ஒன்றாக்க முடியாது. மேசையை உள்ளே தள்ளிப் போடுவதுதான் வழி.

கார்த்திகை, மார்கழி மழைக்குப் பகலும் இருண்டிருக்கும். அப்போது உள்ளே எல்ஈடி குமிழின் கீழ் எடுக்கிறோம். முதல் நாள் படங்களில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழுந்தன. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான குமிழ்கள் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். போன் படத்தை ஒரே நொடியில் பிடிப்பதில்லை, வரி வரியாக வாசிக்கிறது. ஷட்டர் வேகமாக இருந்தால் சில வரிகள் பிரகாசத்திலும் சில வரிகள் மங்கலிலும் மாட்டிக்கொள்ளும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 இல் வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்புக் கிடைக்கும், பட்டை மறைந்துவிடும். ஆட்டோவும் இதைக் கவனிக்கப் பார்க்கும்தான், ஆனால் என் போன் சில படத்தில் கவனித்தது, சில படத்தில் விட்டுவிட்டது.

ஆட்டோவுக்கு உரிய இடத்தையும் சொல்ல வேண்டும். ஆட்டோவில் ஒரு தடவை தட்டினால் இன்றைய போன்கள் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கி, புள்ளிகளைக் குறைத்து, வெயிலும் நிழலும் இரண்டும் தெரியச் செய்கின்றன. புரோவுக்குப் போனால் பல போன்களில் அந்த உதவி நின்றுவிடும். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போனபோது கூட்டத்துக்குள் புரோவில் எடுத்த எல்லாப் படமும் கலங்கின. ஆட்டோவின் இரவு முறையில் தங்கச்சி எடுத்தவை நன்றாக வந்தன. ஓடுகிற பிள்ளை, கடலில் இருந்து தோணி இழுப்பவர்கள், நொடிக்கு நொடி வெளிச்சம் மாறுகிற இடம் என்றால் ஆட்டோவையே நம்புங்கள். நின்ற இடத்தில் நிற்கிற பொருளுக்கும், ஒரே மாதிரி வர வேண்டிய பல படங்களுக்கும் புரோ.

1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தை ஒருநாள் இரவில் போனை முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ 50, ஷட்டர் நான்கு செக்கன் என்று எடுத்தேன். வாவித் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல் வழவழப்பாகி, விளக்குகள் நீளமாகக் கோடு இழுத்து விழுந்தன. அந்தப் படம் எனக்கு மிகவும் பிடிக்கும். இரவுப் படத்தில் என் அனுபவம் அந்த ஒரு நாளோடு சரி.

கமரா பிடித்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுத்தால் நிறத்தைப் பிறகு எப்படியும் மாற்றலாமே என்று ஒரு அண்ணா சொன்னார். சரிதான், ராவில் ஒயிட் பேலன்ஸைப் பின்னால் மாற்றினாலும் தரம் கெடாது. ஆனால் என் போனில் 12 மெகாபிக்சல் ரா ஒன்று 20 மெகாபைட்டைத் தாண்டும். நூறு படம் என்றால் இரண்டு ஜிகாபைட்டுக்கு மேல். அத்தனையையும் மாற்றி எடுத்தால்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். மூன்று தடவை செய்துவிட்டு நிறுத்தினேன். விலையுயர்ந்த சேலை ஒன்றிரண்டுக்கு மட்டும் எடுப்பவர்களுக்கு அது சரிவரலாம்.

போன் வாங்கும் முன் ஒரு விசயத்தைக் கடையிலேயே பாருங்கள். விலை குறைந்த சில போன்களில் புரோ என்ற பெயர் இருக்கும், உள்ளே ஷட்டர் அளவு இருக்காது. ஒயிட் பேலன்ஸும் வெயில், மேகம், குமிழ் என்று நாலு படமாக மட்டும் இருக்கும். எண்ணாக மாற்ற முடியுமா என்று திறந்து பாருங்கள். ஐபோனில் கூடவே வரும் கமராவில் ஐஎஸ்ஓ, ஷட்டர் அளவுகள் இல்லை, அதற்கு வேறு செயலி வேண்டும். 2014இல் ஆண்ட்ராய்டு 5.0உம் ஐஓஎஸ் 8உம் கமராவின் உள் அளவுகளைப் பிற செயலிகளுக்குத் திறந்துவிட்டதால் இப்போது அப்படிச் செயலிகள் நிறைய உண்டு. ஆண்ட்ராய்டுக்கு ஓப்பன் கேமரா இலவசம், முதலில் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

இத்தனை செய்தும் வாங்குகிறவரின் திரை நம் கையில் இல்லை. நிறத்தைக் கூட்டிக் காட்டும் திரைகள் உண்டு. அதனால் இப்போது படத்தோடு நிறத்தின் பெயரையும் எழுதுகிறோம்: கத்தரிப்பூ, நாவல், மயில்கழுத்து, மாந்தளிர். கனடாவில் இருக்கிறவருக்கும் கத்தரிப்பூ என்றால் என்னவென்று தெரியும். நிறம் பற்றிய முறைப்பாடு இந்த ஏழு மாதத்தில் ஒன்றுதான் வந்தது, அதுவும் படத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் வைத்து வாங்கியவரிடம் இருந்து.

செயலியை மூடித் திறந்தால் என் போன் எண்களை மறந்துவிடும். அதனால் விறாந்தைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். காலை 9 முதல் 11 வரை: ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100, 6500 கெல்வின். உள்ளே குமிழில்: ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/50, 4000 கெல்வின். இவை எங்கள் விறாந்தைக்கும் எங்கள் குமிழுக்கும் உரியவை, உங்கள் வீட்டில் கடதாசி வேறு எண் சொல்லும். நான் இல்லாத நாளில் மச்சாள் அதைப் பார்த்து எடுக்கிறார், நிறம் மாறுவதில்லை. மழை நாளில் விறாந்தையில் எடுப்பதற்கான எண்ணை மட்டும் இன்னும் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். அடுத்த மாரி முடியட்டும், பேனாவால் எழுதுகிறேன்.