2012ல வாங்குன எலிப்படை இன்னும் டேபிள்ல இருக்கு, பாதி தான்

வேலூர் சத்துவாச்சாரில உக்காந்துகினு வார்ஹாமர் (சின்னச் சின்ன பொம்மை படைய டேபிள்ல நகத்தி, டைஸ் உருட்டி சண்டை போடுற ஆட்டம்) விளையாடுறேன்னு சொன்னா பாதி பேரு அது இன்னா மொபைல் கேமான்னு கேப்பாங்க, மீதி பேரு பசங்களுக்கு வாங்குன பொம்மைய நான் புடுங்கி வெச்சிகினு இருக்கேன்னு நினைச்சிப்பாங்க. என் படை ஸ்கேவன், ரெண்டு கால்ல நடக்குற எலிங்க. 2012ல சென்னைல ஒருத்தரு ஹாபியே வேணாம்னு எல்லாத்தையும் வித்தாரு, அவர்கிட்ட ரெண்டு படை சேந்து வர ஐலண்ட் ஆஃப் பிளட் பாக்ஸ்ல இருந்த எலி படைய மட்டும் வாங்கி, காட்பாடி வரைக்கும் ட்ரெயின்ல மடில வெச்சிகினே வந்தேன். அப்ப எல்லாம் பொம்மை காலுக்கு கீழ சதுர பேஸ் (நிக்குற கட்டை), வரிசையா ராணுவம் மாதிரி நிக்கும், திரும்பணும்னா மொத்த பிளாக்கும் சேந்து திரும்பணும்.

2015ல ஆட்டத்த போடுற கம்பெனிக்காரங்க அந்த பழைய உலகத்தையே கதைல அழிச்சிட்டு ஏஜ் ஆஃப் சிக்மார்னு புதுசா கொண்டாந்தாங்க. ரூல் மொத்தமே நாலு பக்கம், எந்த பொம்மை எவ்ளோ பெறும்னு பாயிண்ட்ஸ் கிடையாது, யார் எவ்ளோ வேணா இறக்கலாம். அதுல ஒரு கூத்து சொல்றேன், எம்பயர்ங்குற மனுஷங்க ஆர்மில கர்ட் ஹெல்போர்க்னு ஒருத்தன், ஆடுறவனுக்கு எதிராளிய விட பெரிய மீசை இருந்தா அடி தவறுன டைஸ திருப்பி உருட்டலாம்னு ரூலே போட்டிருந்தாங்க. என் மச்சான் எம்பயர் ஆடுறான். அவன் மீசைய பாத்தா அய்யனார் கோயில் வாசல்ல நிக்க வெக்கலாம், நான் தினமும் ஷேவ் பண்ற ஆளு. அந்த ஒரு வருஷம் நான் ஜெயிச்சதா ஞாபகமே இல்ல. 2016ல ஜெனரல்ஸ் ஹேண்ட்புக்னு ரூல் புக் வந்து பாயிண்ட்ஸ் போட்டப்புறம் தான் ஆட்டம்னு ஒண்ணு ஆச்சு.

பேஸ் கதைய சொல்லியே ஆகணும். புது ஆட்டத்துக்கு வட்ட பேஸ் தான் அழகு, எலிக்கு 25 மில்லிமீட்டர். நான் ராணிப்பேட்டைல ஷூ கம்பெனில வேலை பாக்குறேன், தோல் சீவுற கத்தி கைவசம் இருக்கு, அத வெச்சி ஒவ்வொரு எலியா பாதத்துக்கு கீழ விட்டு சதுர கட்டைய பிரிச்செடுத்தேன். மூணு எலிக்கு கணுக்கால் போச்சு, ஒண்ணுக்கு வால். பழைய ஸ்டீல் ஒரு ரூபா காயின் சரியா 25 மில்லிமீட்டர், மேக்னட்டும் ஒட்டும், நல்ல ஐடியான்னு நினைச்சி நாலு ஒட்டுனேன், எங்கம்மா பாத்துட்டு லட்சுமி மேல எலிய ஒட்டுறியாடான்னு ஆரம்பிச்சவங்க ராத்திரி வரைக்கும் நிறுத்தல. அப்புறம் எம்டிஎஃப் பலகைல வட்டம் வெட்டி வாங்கி மாத்திட்டேன். மேல போட்டது பாலாத்து மணல், நல்லா சலிச்சி, ஃபெவிகால் தடவி தூவுனா போதும், காசு குடுத்து டெக்ஸ்ச்சர் பெயிண்ட் வாங்குறவங்கள பாத்தா சிரிப்பு வரும்.

ரூல் மாத்தம் எவ்ளோ பாதிச்சிதுன்னு கேட்டா, ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு மாசம் புலம்பிட்டு பழகிட்டேன், அவ்ளோ தான். எலிக்கு அப்ப பெரிய வியாதி பேட்டில்ஷாக், அதாவது கூட இருக்குறவன் செத்தா மீதி பேரு பயந்து ஓடுற ரூல். 40 கிளான்ராட்ஸ் (சாதாரண எலி சிப்பாய்ங்க) போகுதுன்னு வெச்சிக்கோங்க, 12 செத்துது, டைஸ்ல 5 விழுந்தா கணக்கு 17, எலியோட தைரியம் 4, கூட்டத்துக்கு 2 சேத்தா 6, மீதி 11 எலி அடியே வாங்காம ஓடிடும். அடிச்சி கொன்னதுக்கு சமமா பயத்துலயே போயிடும், எதிர்ல மச்சான் மீசைய தடவிகினு சிரிப்பான். 2024ல 4ஆம் எடிஷன் வந்தப்ப இந்த பேட்டில்ஷாக்கையே தூக்கிட்டாங்க, செத்த எலில கொஞ்சம் திரும்பி வேற வரும். எலி ஓடாம நின்னா அது எலியான்னு எனக்கே ஒரு மாதிரி இருக்கு, ஆனா ஜெயிக்கிறப்ப கேள்வி கேக்க மாட்டேன்.

அதுக்கு பதிலா புது ரூல்ல நெருக்கமா நிக்க சொன்னாங்க. முன்னாடி யூனிட்ல ஒரு மாடலுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ஒரு இஞ்ச் விடலாம், இப்ப அரை இஞ்ச் தான். கேக்க சின்ன விஷயம். 20 எலிய அரை இஞ்ச்ல நிக்க வெச்சி பாருங்க, ஒருத்தன் வாலு இன்னொருத்தன் ஈட்டில மாட்டிக்கும், ஒண்ண எடுத்தா மூணு சேந்து வரும், நகம் பட்டு பெயிண்ட் உரியும். கடைசில கம்பெனில வீணாப் போற இன்சோல் போர்டு துண்ட எடுத்தாந்து வட்ட குழி வெட்டி அஞ்சு அஞ்சா நிக்குற மாதிரி ட்ரே பண்ணேன், இப்ப 20 எலி நாலே தள்ளுல நகருது.

டேபிளும் அப்டி தான். மொட்டை மாடி ரூம்ல ஆறுக்கு நாலு அடி பிளைவுட் போட்டு வெச்சிருந்தேன், 2021ல 3ஆம் எடிஷன்ல 60க்கு 44 இஞ்ச்னு சுருக்கிட்டாங்க. பிளைவுட்ட வெட்ட மனசு வராம நீளத்துல ரெண்டு பக்கமும் ஆறாறு இஞ்ச், அகலத்துல ரெண்டு ரெண்டு இஞ்ச் விட்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிட்டேன், டேப்புக்கு வெளில இருக்குற இடம் டீ கிளாஸுக்கும் ஆட்டத்துல செத்த எலிங்களுக்கும். சின்ன டேபிள் ஓடுற எலிக்கு லாபம், தூரத்துல இருந்து சுடுற ஜெஸ்ஸைல் துப்பாக்கி எலிக்கு நஷ்டம். ஸ்பியர்ஹெட்னு சின்ன ஆட்டம் ஒண்ணு வந்துது பாருங்க, 30க்கு 22 இஞ்ச், அது தான் உண்மைல என்னைய காப்பாத்துச்சு. மே மாசம் மாடி ரூம்ல மனுஷன் இருக்க முடியாது, கீழ ஃபேன் அடியில தையல் மெஷின் மேஜைல போட்டு ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்.

ரூல் பாத்து வாங்குன தப்பும் ஒண்ணு பண்ணேன். 2019ல ஸ்கேவனுக்கு புது ரூல் புக் வந்தப்ப பிளேக் மாங்க்ஸ் (வியாதி பரப்புற எலி சாமியாருங்க) தான் ராஜா, எல்லாரும் அத தான் இறக்குனாங்க, நானும் கடன் வாங்காத குறையா 60 சேத்து, அந்த வருஷம் தான் வந்த கான்ட்ராஸ்ட் பெயிண்ட்ல (தானா குழில இறங்கி நிழல் காட்டுற பெயிண்ட்) அடிச்சேன். வெயில்ல பெயிண்ட் ஓடி குழில இறங்குறதுக்குள்ளயே காஞ்சி திட்டு திட்டா நின்னுடும், விடியகாலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சி தான் அடிக்கணும். ஸ்நேக்பைட் லெதர்னு ஒரு கலரு, நாள் முழுக்க லெதர பாத்துட்டு வந்து வீட்லயும் லெதரான்னு வீட்டம்மா கேட்டாங்க. 2022ல அடுத்த புக் வந்துது, மாங்க்ஸ் சுமாராயிடுச்சி. இப்ப அது எல்லாம் ஷூ பாக்ஸ்ல தூங்குது.

ஆனா இதெல்லாம் வலிக்கல, ரூல் போகும் வரும், அடுத்த புக்ல மாங்க்ஸ் திரும்ப எழுந்தாலும் எழும். வலிச்சது 2024ல புது எலி பொம்மைங்களோட ஸ்கேவன்டைட் பாக்ஸ் வந்தப்ப. லண்டன்ல இருக்குற சித்தப்பா பையன் சூட்கேஸ்ல கொண்டாந்தான் (அதுக்கு முன்னாடி ஒரு பார்சல் கஸ்டம்ஸ், கூரியர்னு அலைஞ்சி மூலை நசுங்கி வந்த கதை தனி). அன்னிக்கு ராத்திரியே ஒரு புது கிளான்ராட் ஒட்டி, 2012 எலி பக்கத்துல வெச்சேன். புதுசுக்கு தோள் அகலம், கவசத்துல ஆணி ஆணியா தெரியுது, ஒவ்வொண்ணுக்கும் மூஞ்சி வேற. என் பழசு கொஞ்ச போஸ்ல திரும்பத் திரும்ப அதே ஆளு, ஒல்லியா, முதுகு கூனி. ரூல்படி ரெண்டும் ஒண்ணு தான், அதே அடி, அதே உயிர். மச்சான் வந்தான், குனிஞ்சி பாத்தான், "இன்னா மாமா, பெருச்சாளி பக்கத்துல சுண்டெலி நிக்கிது"ன்னான். அதுக்கப்புறம் அத பாக்காம இருக்க முடியல. பாயிண்ட்ஸ் ஏறுனா இறங்கும், சிறுசா தெரிஞ்சது திரும்ப பெருசா தெரியாது.

இப்ப ஒரு மாதிரி ஒப்பேத்துறேன். பழசுக்கு பேஸ்ல மணல் ரெண்டு லேயர், அடியில தக்கை துண்டு வெச்சி ரெண்டு மில்லி தூக்கி விட்டிருக்கேன், முன்வரிசைல புதுசு, பின்னாடி பழசு, ட்ரேல கலந்து நிக்கிறப்ப ஒரு அடி தள்ளி நின்னு பாத்தா தெரியல. கணுக்கால் போன மூணையும் பொணமா படுக்க வெச்சிட்டேன். பழசுல 16 தான் டேபிள்ல நிக்கிது, மீதி அலமாரில.

அதே 2024 ஜனவரில இன்னொரு கூத்து, தி ஓல்ட் வேர்ல்டுன்னு பழைய உலகத்தையே திரும்ப கொண்டாந்தாங்க, சதுர பேஸ், வரிசை, பிளாக் எல்லாம் சேத்து. ஸ்கேவனுக்கு புது மாடல் எதுவும் இல்ல, இலவசமா ஒரு பிடிஎஃப் ரூல் மட்டும் விட்டாங்க. மச்சான் எம்பயர் பேஸ மாத்தவே இல்ல, அப்பவே சோம்பேறித்தனம், இப்ப அவன் ரெடியா இருக்கான், வா மாமா ஆடலாம்னு வாரம் ஒரு ஃபோன். நான் அன்னிக்கு பிரிச்செடுத்த சதுர கட்டைங்கள குப்பைல போடல, ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு பரண் மேல வெச்சிருக்கேன். அத அவன்கிட்ட இன்னும் சொல்லல.