ஹோல் ஃபீச்சர்: போடுவது நிமிட வேலை, திருத்தும்போதுதான் சோதனை

ஆறு வருடம் மெஷினில் நின்றேன். அதன் பிறகு ஒன்பது வருடமாக கேம் (CAM) ப்ரோக்ராமிங், அதாவது மெஷின் எப்படி வெட்ட வேண்டும் என்பதைக் கணினியில் தயாரிக்கும் வேலை. எனக்கு வருவது பெரும்பாலும் ஃபிக்ஸ்சர் ப்ளேட்டும் (ஜாபைப் பிடித்து வைக்கும் தட்டு) மோல்டு பேஸும்தான் (வார்ப்பு அச்சைத் தாங்கும் சட்டம்). அவற்றில் பாக்கெட் (குடைந்தெடுத்த குழி) நான்கு இருந்தால் துளை எழுபது இருக்கும். அதனால் ஒரு கேம் மென்பொருள் எப்படி என்று யாராவது கேட்டால், ஐந்து அச்சு வேலையெல்லாம் நான் பார்ப்பதில்லை. துளையை எப்படிக் கையாள்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஒன்றரை வருடமாக தினமும் உட்காரும் ஒரு மென்பொருளில் ஹோல் ஃபீச்சர் பகுதியை, அதாவது ஒரு துளைக்கு வேண்டிய எல்லா வேலையையும் ஒன்றாகக் கையாளும் வசதியைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லது. முன்பெல்லாம் ஒரு எம் 8 டேப் துளைக்கு (8 மி.மீ. போல்ட் ஏறும் மரைத் துளை) மூன்று ஆபரேஷன் தனித்தனியாகப் போடுவேன்: ஸ்பாட் ட்ரில் (இடத்தைக் குறிக்கும் சிறு குழி), 6.8 ட்ரில், டேப் (உள்ளே த்ரெட், அதாவது மரை வெட்டுவது). ஒவ்வொன்றுக்கும் புள்ளிகளைத் தேர்வு செய்து, ஆழம் அடித்து, சைக்கிள் (துளையிடும் முறை) தேர்வு செய்ய வேண்டும். இதில் அப்படி இல்லை. துளை எதற்கு என்று சொன்னால் போதும். எம் 8, த்ரெட் ஆழம் 16, ட்ரில் ஆழம் 20, வாயில் 8.4 சேம்ஃபர் (விளிம்புச் சரிவு) என்று நான்கு கட்டங்களை நிரப்பினால் மூன்று ஆபரேஷனும் தானாக வந்து நிற்கிறது. 90 டிகிரி ஸ்பாட் ட்ரில்லை 4.2 மி.மீ. இறக்க வேண்டும் என்ற கணக்கையும் அதுவே போட்டுக்கொள்கிறது. டேப்புக்கு ஸ்பீடு நிமிடத்துக்கு 400 சுற்று என்றால் ஃபீட் (இறங்கும் வேகம்) 500, அதாவது சுற்று × பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்). இதை ஒரு முறைகூடத் தப்பாகப் போட்டதில்லை.

ஆலன் போல்ட் கவுண்டர்போருக்கு (போல்ட் தலை உள்ளே அமரும் அகலக் குழி) இன்னும் வசதி. எம் 8 போல்டுக்கு நான் எப்போதும் வைக்கும் அளவு 9 மி.மீ. துளை, 15 மி.மீ. கவுண்டர்போர், 9 ஆழம். அதை ஒரு பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன். இப்போது ப்ளேட்டின் மேல் மையங்களைக் காட்டினால் வேலை முடிந்தது. வட்டத்தில் வரும் துளைகளுக்கு ஒரு துளையும் எண்ணிக்கையும் கொடுத்தால் போதும். எல்லா ஸ்பாட்டும் முதலில், பிறகு எல்லா ட்ரில்லும், பிறகு டேப்பும் என்று டூல் மாற்றம் குறையும்படி வரிசையையும் அடுக்கிக்கொள்கிறது.

அடுத்தது, மாடலில் இருந்து துளைகளைத் தானே கண்டுபிடிக்கும் வசதி. விற்பவர்கள் முதலில் காட்டுவது இதைத்தான். வேகம் உண்மைதான். எண்பது துளை உள்ள ப்ளேட்டைக் கண் இமைக்கும் நேரத்தில் பட்டியலாக்கித் தருகிறது. ஆனால் அதற்குத் தெரிவது உருளை மட்டும்தான், அந்தத் துளையின் வேலை தெரியாது. ஸ்டெப் கோப்பில் (மாடலை மென்பொருளுக்கு மென்பொருள் அனுப்பும் பொதுக் கோப்பு) த்ரெட் விவரம் பெரும்பாலும் வருவதில்லை. வரைந்தவர் எம் 8 துளையை மரையின் உள்விட்டத்துக்கு வரைந்திருந்தால் பட்டியலில் 6.647 என்று ஒரு சாதாரணத் துளை நிற்கும். பார்த்ததும் அது எம் 8 என்று நமக்குப் புரியும். புதிதாக வந்த பையன் 6.647-க்கு ட்ரில் தேடிக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டான். இந்த அளவைக் கண்டால் எம் 8 ஆக எடுத்துக்கொள் என்று ஒரு அட்டவணையில் எழுதிவைக்க வழி இருக்கிறது. அதை முதல் நாளே நிரப்பிவிடுங்கள்: 4.917 எம் 6, 6.647 எம் 8, 8.376 எம் 10. எனக்கு இது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இன்னொன்று. ஒரே விட்டத் துளைகளை எல்லாம் ஒரே குழுவாகக் கட்டிவிடுகிறது. ஒரு ப்ளேட்டில் டவல் பின்னுக்கு (பாகங்களை இடம் மாறாமல் நிறுத்தும் உருளை முளை) இரண்டு, தண்ணீர் வழிக்கு நான்கு, எல்லாமே 10 மி.மீ. டவல் துளை 10 எச் 7. 10 மி.மீ.-க்கு மேல் பூஜ்யத்தில் இருந்து 15 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், 9.8 ட்ரில் போட்டு ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் டூல்) விட வேண்டும். தண்ணீர் வழிக்கு வெறும் ட்ரில் போதும். குழுவுக்கு ரீமர் என்று கொடுத்தால் ஆறுக்கும் ரீமர் போகும். குழுவைப் பிரிக்கும் கட்டளை வலது க்ளிக்கில் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பிரிக்க வேண்டும் என்பது வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்குத்தான் தோன்றும்.

இனி திருத்தும் பகுதி. எனக்கு நஷ்டம் வந்ததும் இங்கேதான், இந்த மென்பொருளை விடாமல் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

ஒரு ஸ்டீல் ப்ளேட், பன்னிரண்டு எம் 8 ப்ளைண்ட் (மறுபக்கம் திறக்காத) துளை. மேலே சொன்ன அதே அளவு: த்ரெட் 16, ட்ரில் 20. மூன்றாவது துளையில் டேப் உடைந்தது. ஆபரேட்டர் தம்பி ஓடி வந்து, "அண்ணே, டேப் கீழ முட்டுது, சிப்பு அடைக்கல, நான் ஊதிட்டுத்தான் விட்டேன்" என்றான். சிப்பு என்றால் வெட்டும்போது வரும் உலோகச் சீவல். நான் நம்பவில்லை. முதல் இரண்டு துளையில் டெப்த் கேஜ் விட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ட்ரில் ஆழம் 20 என்று நான் கொடுத்ததை மென்பொருள் ட்ரில்லின் நுனி வரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் 20 என்றால் முழு விட்டம் 20 வரை என்று பொருள். 118 டிகிரி ட்ரில்லில் நுனிக்கூம்பு விட்டத்தில் 0.3 பங்கு, அதாவது 6.8-க்கு ஏறக்குறைய 2 மி.மீ. ஆக முழு விட்டம் 18-லேயே முடிந்துவிட்டது. டேப்போ தன் முனைச்சரிவையும் சேர்த்து 19 வரை இறங்குகிறது. கூம்பில் முட்டாமல் என்ன செய்யும்? முதல் இரண்டு துளையில் உடையாததுதான் ஆச்சரியம். தம்பியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

நுனி வரையா, முழு விட்டம் வரையா என்று கேட்கும் ஒரு சின்ன டிக் பெட்டி ஃபீச்சரின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஆழம் கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே அது இருந்திருக்க வேண்டும். ஆனால் மாற்றியது ஒரே இடத்தில்தான். பன்னிரண்டு துளையும் சேர்ந்து மாறின. பழைய முறையில் ஆபரேஷன் ஆபரேஷனாகத் தேடிப் போயிருப்பேன்.

பெரிய குறை என்று நான் சொல்வது இது. ஒரு ஆபரேஷனுக்குள் போய்க் கையால் எதையாவது மாற்றினால், அதன் பிறகு அந்த ஆபரேஷன் ஃபீச்சரின் பேச்சைக் கேட்பதில்லை. 70 ஆழத் துளை ஒன்றில் சிப் அடைத்ததால் ஜி 83-ல் (விட்டுவிட்டுத் துளையிடும் கட்டளை) பெக் அளவை, அதாவது ஒரு தடவை இறங்கும் ஆழத்தை, 5-ல் இருந்து 3 ஆக்கினேன். மாற்றியது பெக் மட்டும். பிறகு வரைபடம் திருத்தி வந்தது, ஆழம் 78. ஃபீச்சரில் 78 அடித்தேன், திரையில் துளையும் 78 என்றுதான் தெரிந்தது, ஆனால் ப்ரோக்ராம் 70-லேயே நின்றது. ஆபரேஷன் பெயருக்கு முன்னால் ஒரு பூட்டு அடையாளம், எள் அளவு, சாம்பல் நிறம். மாற்றிய ஒரு மதிப்பை மட்டும் பூட்டிவிட்டு மற்றதை ஃபீச்சரோடு ஓடவிட்டால் என்ன? இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். அதுவரை பெக் போன்றவற்றை ஆபரேஷனில் தொடாமல் ஃபீச்சரின் டூல் பக்கத்திலேயே மாற்றுகிறேன். அங்கே மாற்றினால் பூட்டு விழுவதில்லை. போஸ்ட் செய்யும் முன் (மெஷினுக்கான ப்ரோக்ராமாக மாற்றும் முன்) பூட்டு விழுந்த ஆபரேஷன்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது.

துளைக்குத் துளை தாவும்போது ஜி 98-ஆ (ஆரம்ப உயரம் வரை ஏறித் தாவுவது) ஜி 99-ஆ (துளை வாய்க்குச் சற்று மேலே மட்டும் ஏறித் தாவுவது) என்பதை ஃபீச்சர் அளவிலேயே தேர்வு செய்யலாம். க்ளாம்ப் இருக்கும் பக்கத்துத் துளைகளை மட்டும் தனிக் குழுவாக்கி ஜி 98 கொடுத்துவிடுகிறேன். ஸ்டாக் (வெட்டுவதற்கு முன் உள்ள பொருள்) தடிமன் ஜாபைவிட அதிகமாக இருக்கும்போது த்ரூ துளை (மறுபக்கம் வரை போவது) எதுவரை போகிறது என்பதை மட்டும் சிமுலேஷனில் கட்டாயம் பாருங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பூட்டு விஷயம் சரியானால் மீதி ஒன்றும் உண்டு.

போன வாரம் அந்த ப்ளேட்டே திரும்ப வந்தது. பன்னிரண்டில் நான்கு மூலைத் துளை மட்டும் எம் 10, த்ரெட் 20, ட்ரில் 25. குழுவில் இருந்து நான்கைப் பிரித்தேன், எம் 8-ஐ எம் 10 ஆக்கினேன், இரண்டு ஆழமும் அடித்தேன். ட்ரில் 8.5 ஆனது, சேம்ஃபர் 10.4 ஆகி ஸ்பாட் 5.2-க்கு இறங்கியது, டேப் ஃபீட் 500-ல் இருந்து 600 ஆனது. முழு விட்டம் என்ற டிக் அப்படியே இருந்தது. பூட்டு எதுவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் தம்பி நான்கு துளையிலும் த்ரெட் கேஜ் விட்டுக் காட்டினான்.