காந்த மிக்ஸரோடு சில வருடங்கள்: எங்கே உதவுகிறது, எங்கே காலை வாருகிறது

ஹெச்பிஎல்சி (உயர் அழுத்தத்தில் திரவத்தை ஓட்டி, மாதிரியிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டுகிறவர்கள் பம்ப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், டிடெக்டர் விளக்கு எவ்வளவு நேரம் எரிந்திருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பார்கள், ஆனால் நடுவில் உட்கார்ந்து, பம்ப் அனுப்பும் திரவங்களைக் கலக்கும் மிக்ஸரை யாரும் சீண்டுவதில்லை. நான் சில வருடங்களாகப் பயன்படுத்துவது காந்தத்தால் சுற்றுகிற வகை. சின்ன ஸ்டீல் அறை, உள்ளே டெஃப்லான் பூசிய குட்டிக் காந்தம், வெளியே மோட்டாரில் இன்னொரு காந்தம். அவ்வளவுதான். சுவரைத் துளைத்து உள்ளே போகிற தண்டு கிடையாது, அதனால் உயர் அழுத்தத்தில் கசிய சீலும் கிடையாது. 316 ரக ஸ்டீல் காந்தத்தை ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை என்பதால் சுவர் வழியாகவே இழுவை வேலை செய்கிறது.

இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நாம் பயன்படுத்தும் குழாய்கள் மெல்லியவை. கால் மில்லிமீட்டர் உள்விட்டம், நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர், ஓடுவது தண்ணீர் என்றால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீராகப் போகிறதா, கொந்தளிக்கிறதா என்று காட்டும் எண்) சுமார் 85 வருகிறது. ஓட்டம் கொந்தளிக்க அது 2000-ஐத் தாண்ட வேண்டும். ஆக, தண்ணீரையும் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானையும் ஒரு 'T' வடிவ இணைப்பில் சேர்த்துவிட்டால் தானாகக் கலந்துவிடும் என்று நம்பக்கூடாது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வெகுதூரம் அப்படியே போகும். இந்தக் குறுக்குவாட்டுக் கலப்பை அசையாத வகை மிக்ஸர்களும் நன்றாகவே செய்கின்றன. சிக்கல் இன்னொரு திசையில் இருக்கிறது. பம்ப் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் ஏ திரவம் கொஞ்சம் கூட, அப்புறம் பி திரவம் கொஞ்சம் கூட என்று அனுப்பும். நீளவாக்கில் வருகிற இந்த ஏற்ற இறக்கத்தைச் சராசரியாக்க ஒரு கொள்ளளவு வேண்டும், காந்த மிக்ஸர் தருவது அதைத்தான்.

எனக்கு இதன் அருமை தெரிந்தது பெப்டைடு வேலையில். 0.1% டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம், 214 நானோமீட்டர், தண்ணீர்–அசிட்டோநைட்ரைல் கிரேடியன்ட், அதாவது விகிதத்தை நேரம் போகப் போக மாற்றும் ஓட்டம். இந்த அமிலமே அந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும், உறிஞ்சும் அளவும் அசிட்டோநைட்ரைல் விகிதத்தைப் பொறுத்து மாறும். கலவையில் துளி வித்தியாசம் வந்தாலும் பேஸ்லைனில் (சேர்மம் எதுவும் வராதபோது டிடெக்டர் வரையும் கோட்டில்) அலை அலையாகத் தெரியும், சின்ன பீக்குகள் (சேர்மங்கள் எழுப்பும் மேடுகள்) அதில் காணாமல் போகும். அலையின் இடைவெளியும் பம்ப் ஸ்ட்ரோக்கின் இடைவெளியும் ஒத்துப்போனால் வேறெங்கும் தேட வேண்டாம். ஓட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள், அலை இரண்டு மடங்கு நீண்டால் சந்தேகமே இல்லை.

இங்கே ஒரு கணக்கு. 400 மைக்ரோலிட்டர் அறை, 100 மைக்ரோலிட்டர் ஸ்ட்ரோக் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டரில் அறை ஒருமுறை நிரம்ப 24 வினாடி, ஸ்ட்ரோக் 6 வினாடி. நன்றாகக் கலக்கும் அறையில் அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 25-ல் ஒரு பங்காக அடங்கிவிடும். ஓட்டத்தைக் குறைத்தாலும் இந்த விகிதம் மாறாது, ஏனென்றால் இரண்டு நேரமும் சேர்ந்தே நீளுகின்றன. அலையை அடக்குவது அறைக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள கொள்ளளவு விகிதம், மோட்டாரின் வேகம் இல்லை. அறையில் தேங்கும் மூலைகள் இல்லாத அளவு சுற்றினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் சூடும் தேய்மானமும்தான் மிச்சம். 'பேஸ்லைன் சரியில்லை, ஸ்பீடைக் கூட்டு' என்று சொல்பவர்களை இன்னும் பார்க்கிறேன்.

சரி, விலை என்ன? அதே கொள்ளளவு கிரேடியன்ட்டையும் மழுங்கடிக்கும். கலவையை ஒரேயடியாக மாற்றினால் அறையை விட்டு வெளியே வருவது ஒரு நிரப்பு நேரத்தில் 63%, மூன்று நிரப்பு நேரத்தில்தான் 95%. 0.2 மில்லிலிட்டர் ஓட்டத்தில் மேலே சொன்ன அறைக்கு ஒரு நிரப்பு நேரம் 2 நிமிடம், ஆக 95% வர 6 நிமிடம். பத்து நிமிட கிரேடியன்ட் போட்டவருக்கு இது சுத்த அநியாயம். மெல்லிய பிரிப்புக் குழாய் (சேர்மங்கள் பிரியும் column), வேகமான முறை என்றால் இந்த மிக்ஸரைக் கழற்றி வைத்துவிடுவேன், யோசிக்கவே மாட்டேன். ஒரே விகிதத்தில் ஓடும் முறைக்கு, அதுவும் முன்கூட்டியே கலந்து வைத்த திரவத்துக்கு, இது சும்மா சுற்றும் அலங்காரம்.

பராமரிப்பில் என் பெரிய தலைவலி பாஸ்பேட் பஃபர், அதாவது pH மாறாமல் வைத்திருக்கும் உப்புக் கரைசல். அசிட்டோநைட்ரைல் விகிதம் ஏறும்போது உப்பு படியும், முதலில் படிவது பெரும்பாலும் இந்த அறைக்குள். படிந்த உப்புத்தூளை காந்தம் விடாமல் அரைக்கும், டெஃப்லான் பூச்சு கீறும், வெள்ளைத் துகள் அடுத்த ஃபில்டரை அடைக்கும், அழுத்தம் மெல்ல ஏறும். அழுத்தம் ஏறினால் எல்லோரும் முதலில் பிரிப்புக் குழாயைத்தான் திட்டுவார்கள். வேலை முடிந்ததும் பஃபர் இல்லாத, தண்ணீர் அதிகமுள்ள கலவையை நன்றாக ஓட்டிவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். பூச்சில் விரிசல் விட்டால் பிரச்சினை வேறு. உள்ளே இருப்பது உலோகம், அமிலம் பட்டால் கரைந்து வரும், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் சேர்மங்களின் பீக்குகள் வாலிழுக்கும். காந்தத்தைக் கழற்றும்போதெல்லாம் லென்ஸ் வைத்து ஒரு பார்வை பார்த்துவிடுவது என் பழக்கம்.

மாற்றுக் காந்தம் வாங்கியபோது ஒரு விற்பனையாளர் 'எல்லாம் ஒண்ணுதான்' என்று அனுப்பியது ஒரு மயிரிழை அதிக நீளம், சுவரை உரசிக் கீச்சிட்டது. அளவு முக்கியம், காந்த ரகமும் முக்கியம். சாதாரண நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும், கழுவிவிட்டு சூட்டடுப்பில் காயவைக்கிற கைகள் கவனம். சமேரியம்–கோபால்ட் இதைவிட நிறையத் தாங்கும்.

மெத்தனால்–தண்ணீர் கலவை இன்னொரு வம்பு. கலந்தால் சூடாகும், கரைந்திருந்த காற்று குமிழாக வெளியே வரும், பாதிக்குப் பாதி அருகே பாகுநிலையும் தண்ணீரைவிடக் கணிசமாக ஏறும். முழு வேகத்தில் தொடங்கினால் உள்காந்தம் மோட்டாரோடு ஒட்டாமல் துள்ளும். 'டக் டக்' என்று காதிலேயே கேட்கும். நிறுத்தி, மெதுவாக ஏற்றுங்கள். அறையை நிமிர்த்தி, நுழைவாய் கீழே, வெளிவாய் மேலே வையுங்கள், குமிழி தானாகப் போய்விடும். டீகேசர் (திரவத்தில் கரைந்த காற்றை நீக்கும் கருவி) இல்லாமல் இந்த மிக்ஸரை நம்ப வேண்டாம்.

ஓட்டத்தில் மாதிரியைச் செலுத்தும் பகுப்பாய்வுக்கு இதைப் போடலாமா என்று கேட்கிறார்கள். 1957-ல் ஸ்கெக்ஸ் காற்றுக் குமிழிகளால் மாதிரிகளைப் பிரித்ததும், 1975-ல் ருசிச்காவும் ஹான்சனும் குமிழி இல்லாமலே சமாளித்ததும், மாதிரி எவ்வளவு பரவலாம் என்பதைக் கையில் வைத்துக்கொள்ளத்தான். மாதிரி போகும் வழியில் இந்த அறையை வைத்தால் பீக் தட்டையாகிவிடும். வினைபொருள்களை முன்னால் கலக்க மட்டும் வையுங்கள். விதிவிலக்கு டைட்ரேஷன், அங்கே வேண்டுமென்றே கலக்கும் அறை வைப்பார்கள், பீக்கின் அகலம் செறிவின் மடக்கையோடு ஏறும்.

அறையை மாற்றினால் தாமதக் கொள்ளளவை (திரவங்கள் சேருமிடத்திலிருந்து பிரிப்புக் குழாய் வரை உள்ள கொள்ளளவை) மறுபடி அளந்துவிடுங்கள். பிரிப்புக் குழாயைக் கழற்றி, அழுத்தம் நிற்க நீண்ட மெல்லிய குழாய் ஒன்றைப் போட்டு, ஏ-யில் வெறும் தண்ணீர், பி-யில் துளி அசிட்டோன் கலந்த தண்ணீர், 265 நானோமீட்டரில் நேர்கோட்டு கிரேடியன்ட். டிடெக்டர் கோடு எத்தனை நிமிடம் பின்தங்குகிறதோ அதை ஓட்ட வேகத்தால் பெருக்கினால் விடை. அந்த எண்ணை முறைக் குறிப்பேட்டிலேயே எழுதி வையுங்கள், வேறு கருவிக்கு மாற்றும்போது பீக்குகள் ஏன் நகர்ந்தன என்று முழிக்க வேண்டியிருக்காது.