கார்ட்ரிட்ஜை எப்போது மாற்றுவது? நான்கு வருட அனுபவம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பெயிண்ட் ஷாப்பில் நான்கு வருடமாக ஸ்ப்ரே வேலை. மூக்கையும் வாயையும் மூடுகிற ரப்பர் மாஸ்க், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போட்ட ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ், அதாவது தின்னர் ஆவியைப் பிடித்து வைக்கிற கரி அடைத்த டப்பி. மாஸ்க்கில் குறை ஒன்றும் இல்லை, வியர்வையில் வழுக்குவதைத் தவிர. தலைவலி கொடுத்தது கார்ட்ரிட்ஜ்தான், நிஜமான தலைவலி.

"மூக்கு இருக்கும்போது கணக்கு எதுக்குடா, வாசனை வந்தா மாத்து" என்பார் மேஸ்திரி. அப்படியே வாரத்துக்கு ஒரு ஜோடி ஓட்டினோம். ஒரு திங்கட்கிழமை காலை, டப்பாவையே இன்னும் திறக்கவில்லை, மாஸ்க்கை மாட்டியதும் அசிட்டோன் நெடி. சனிக்கிழமை கரி பிடித்து வைத்தது, ஞாயிறு முழுக்க உள்ளேயே மெல்ல நகர்ந்து இந்தப் பக்கம் வந்துவிட்டிருக்கிறது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். எங்கள் தின்னரில் டொலுவீனும் உண்டு, அசிட்டோனும் உண்டு. டொலுவீன் கொதிப்பது 111 டிகிரியில், கரியில் நன்றாக ஒட்டும். அசிட்டோன் 56 டிகிரி, பிடிப்பு குறைவு. இரண்டும் சேர்ந்து வந்தால், ரிசர்வேஷன் சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவரை டிக்கெட்காரர் வந்து எழுப்பிவிடுவது மாதிரி, டொலுவீன் அசிட்டோனைக் கிளப்பிவிடுகிறது. கிளம்பியது அத்தனையும் நம் மூக்குக்குத்தான், சில நேரம் வெளிக்காற்றில் இருப்பதைவிட அடர்த்தியாகவே.

கொதிநிலை 70 டிகிரிக்கு மேல், காற்றில் 200 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்கு ஆவி) கீழ் என்றால் சுமார் 8 மணி நேரம் தாங்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அசிட்டோன் அதில் முதல் வரியிலேயே அடிபட்டுப் போகிறது. ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அதிலும் பாதிதான், நம் ஊர் ஐப்பசி மழையில் காலை நேரத்தைக் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் தரும் மல்டிவேப்பர் மென்பொருளில் வெப்பம், ஈரப்பதம், மூச்சின் வேகம், ஒவ்வொரு ஆவியின் அளவு எல்லாம் போட்டால் ஓரளவு மணிக்கணக்கு கிடைக்கும். ஆனால் காற்றில் எவ்வளவு பிபிஎம் என்று அளந்து பார்க்காமல் போட்டால் வருவது வெறும் எண்தான். நாங்கள் ஒரு முறை ஆள் வைத்து அளந்தோம்.

இப்போது முதலில் தப்பிக்கிற ஆவியை வைத்தே நேரம் போடுகிறேன். அசிட்டோன் அதிகமுள்ள தின்னர் என்றால் மதியச் சாப்பாட்டோடு அந்த ஜோடி குப்பைக்கு. ஜிப் கவரில் போட்டு வைத்தால் ஈரம் ஏறாது, சரி, உள்ளே நடக்கிற நகர்வு நிற்காது. பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டில் கலக்கிற ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட்டுக்கு மூக்கை நம்பவே முடியாது, ஆபத்தான அளவிலும் வாசனை தெரியாது. அந்த வேலைக்கு இப்போது வெளியிலிருந்து குழாயில் காற்று வருகிற மாஸ்க் கேட்டிருக்கிறேன், முதலாளி இன்னும் விலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.