சட்டையைக் காட்டாதவரிடம் டரான்டுலா வாங்காதீர்கள்

பெண் என்று சொல்லி விற்கப்படும் டரான்டுலாவை, மயிரடர்ந்த அந்தப் பெரிய சிலந்தி கடைசியாக உரித்த சட்டையை, அதாவது வளரும்போது கழற்றிப்போடும் பழைய தோலை, கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். ஆணா பெண்ணா என்பதை உறுதியாகக் காட்டுவது அந்தச் சட்டைதான். நான் பார்க்காமல் வாங்கினேன். 120 பிரிட்டன் பவுண் கொடுத்தேன். போன காசு பெரிதில்லை. "நீ படித்து முடித்து வேலைக்குப் போகும்போதும் இது நம் வீட்டில் இருக்கும்" என்று ஒன்பது வயது மகளிடம் நான் சொன்ன சொல் பொய்யாகிவிட்டது. அந்த வலி இன்னும் ஆறவில்லை. வேறொரு பிள்ளைக்கு இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் இலங்கையின் வன்னியில் பிறந்தவன். மாரி காலத்தில் வீட்டுச் சுவரில் டரான்டுலா வகையான புலிமுகச் சிலந்தி ஏறினால் அம்மா எங்களை உள்ளே விரட்டிக் கதவைச் சாத்துவார். அப்பா ஒரு சாக்கால் அதை மெல்ல ஒதுக்கிக் காட்டுப் பக்கம் விட்டுவிட்டு வருவார். மாங்குளத்தில் கண்டெடுத்த ஒரு புலிமுகச் சிலந்தி புதிய இனம் என்று 2013இல் உலகமெங்கும் செய்தியானபோது நான் லண்டனில் இருந்தேன். 20 சென்டிமீட்டர் வரை கால் விரிக்கும் சிலந்தி. ஊர்ப் பெயரை ஆங்கில நாளிதழில் பார்த்த அன்று நெடுநேரம் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த உயிர்களின்மேல் எனக்குப் பற்று வந்தது அப்போதுதான்.

ஆனால் புலிமுகச் சிலந்தி மின்னலாக ஓடும். அதன் கடியும் கடுமையானது. குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. பல ஆண்டுகள் படித்துப் பார்த்துவிட்டு மெக்சிகோவின் செம்முட்டி டரான்டுலாவைத் தேர்ந்தெடுத்தேன். பசிபிக் கரையோரக் காடுகளில் வளை தோண்டி வாழ்வது. கருங்காலில் முட்டிக்கு முட்டி நெருப்பு நிறம். நிதானமான உயிர், சீண்டினால் வயிற்றிலிருந்து அரிப்பு தரும் மயிர்களை உதிர்க்குமே தவிர எளிதில் கடிக்க வராது. பெண்ணாக இருந்தால் 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆணுக்கு அந்தப் பேறு இல்லை. பருவமடையும் சட்டை உரிப்புதான் பெரும்பாலும் அதன் கடைசி உரிப்பு. அதன்பின் ஓராண்டு, மிஞ்சினால் இன்னும் சில மாதம். பெண்ணின் விலை ஆணைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருப்பது இதனால்தான். ஏமாற்றுவதற்கு இடம் கிடைப்பதும் இந்த விலை வித்தியாசத்தில்தான்.

2021 அக்டோபரில் மத்திய இங்கிலாந்தில் நடந்த ஒரு ஊர்வன, சிலந்திச் சந்தைக்கு மகளோடு போனேன். விற்றவரின் பெயரையோ சந்தையின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. மேசை நிறைய ஒளிபுகும் பெட்டிகள். ஒன்றின் மூடியில் "வளர்ந்த பெண், உறுதிசெய்யப்பட்டது, வயது ஆறு" என்று எழுதியிருந்தது. கால் விரிவு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். மகள் அந்தப் பெட்டியைவிட்டு நகரவில்லை. மூடியோடு சேர்த்துக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டாள்.

"உரித்த சட்டை இருக்கிறதா?" என்று கேட்டேன். கேட்கவேண்டும் என்று படித்திருந்தேன். "போன மாதம்தான் உரித்தது, பெட்டியைச் சுத்தம் செய்தபோது எறிந்துவிட்டேன். இருபது ஆண்டுகளாக வளர்க்கிறேன், பார்த்தாலே தெரியும்" என்றார். அந்த இடத்தில் நான் திரும்பியிருக்க வேண்டும். மகளின் முகத்தைப் பார்த்தேன், பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் கைப்பேசி எண்ணை மட்டும் எழுதித் தந்தார்.

அத்தோடு விடவில்லை. "தொடக்கக்காரர்களுக்கான பொதி" என்று 35 பவுணுக்கு ஒரு பையும் தலையில் கட்டினார். பெட்டிக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு ஒன்று, தண்ணீர்க் கிண்ணத்தில் போடுவதற்குப் பஞ்சு ஒன்று, ஒரு டப்பா உயிருள்ள சுவர்க்கோழிகள். மூன்றும் அந்த உயிருக்குக் கேடு. சூடு தாங்காவிட்டால் மண்ணுக்குள் இறங்குவது இந்தச் சிலந்தியின் இயல்பு. அடியிலிருந்தே சூடு வந்தால் அது இறங்க இறங்க வெந்துபோகும். பஞ்சில் அழுக்கும் கிருமியும்தான் சேரும். ஆழமில்லாத கிண்ணத்தில் வெறும் தண்ணீர் போதும். "சாப்பிடாவிட்டால் பூச்சியை உள்ளேயே விட்டுவையுங்கள், பசித்தால் பிடிக்கும்" என்றார் சுவர்க்கோழிகளைப் பற்றி. சட்டை உரித்து அசையாமல் கிடக்கும் சிலந்தியைச் சுவர்க்கோழி கடித்துத் தின்னும். இருபது ஆண்டு வளர்த்த மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும்? நல்ல வேளை, இவற்றை நான் முன்பே படித்திருந்ததால் விரிப்பையும் பஞ்சையும் பையைவிட்டு எடுக்கவே இல்லை. அவரை நம்பி வாங்கிப்போன மற்றவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

மகள் அதற்குச் செவ்வந்தி என்று பெயர் வைத்தாள். தென்னந்தும்புத் தூளும் மண்ணும் கலந்து நிரப்பி, பாதி தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வளையாக வைத்தோம். டிசம்பர் வரை வாரம் ஒரு பூச்சி. ஜனவரியில் உணவை நிறுத்தியது. வயிற்றில் மயிர் உதிர்ந்து வெளுப்பாக இருந்த இடம் நாளுக்கு நாள் கறுத்துப் பளபளத்தது. உள்ளே புதுத்தோலும் புதுமயிரும் உருவாகிவிட்டன என்பதற்கு அடையாளம். மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மாலை, தரையில் பட்டுத்துணி விரித்ததுபோல் ஒரு வலை பின்னி, அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டது.

"அப்பா, செவ்வந்தி செத்துப்போய்விட்டதா?"

இல்லை, பிறக்கப்போகிறது என்றேன். விளக்கை மங்கலாக்கிவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தோம். தொடவில்லை, பெட்டியை அசைக்கவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து முதுகின் மேலோடு ஒரு டப்பாவின் மூடிபோல் விளிம்பில் பிளந்து விலகியது. வயிற்றிலிருந்த திரவத்தை முன்னுடலுக்கு அழுத்தி அனுப்பித்தான் அது அந்த மூடியைத் திறக்கிறது. பிறகு வயிற்றின் பக்கவாட்டில் கிழிசல். பிறகு எட்டுக் கால்களும் ஒரே நேரத்தில், இழுப்பும் ஓய்வுமாக, பழைய கால்களுக்குள்ளிருந்து வெளியே வந்தன. நச்சுப்பற்கள் பால்வெள்ளை. அவை சிவந்து, பிறகு கறுத்து இறுக நாட்கள் ஆகும். அதற்குள் உணவு கொடுத்தால் பல் போய்விடும். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. மகள் தூங்கவே இல்லை. பற்களின் உறைகூடக் கழன்று கிடப்பதைப் பார்த்து, "வாய்க்குள்ளேயும் சட்டை போட்டிருந்ததா?" என்று கேட்டாள். ஆம், உணவை உறிஞ்சும் வயிற்றின் உட்தோலும் நுரையீரலின் உறையும்கூட அந்தச் சட்டையோடு வந்துவிடுகின்றன. என் வாழ்நாளில் நான் கண்ட மிக அழகான காட்சிகளில் அது ஒன்று. அது மட்டும் பொய்யில்லை.

மறுநாள் காலை செவ்வந்தி நிமிர்ந்து நின்றது. கால்கள் முன்பைவிட நீளம், வயிறு சிறுத்திருந்தது. கண்ணாடியோடு ஒட்டி முன்கால்களைத் தூக்கியபோது பார்த்தேன். முதல் இணைக் கால்களின் உட்புறத்தில் சிறு கொக்கிகள். வாயருகே இருக்கும் குட்டைக் கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல் உருண்டிருந்தது. இணையும்போது பெண்ணின் பற்களைத் தடுத்துப் பிடிக்கவே அந்தக் கொக்கிகள். விந்தைச் சுமக்கவே அந்த உருண்டைகள். பெண்ணுக்கு இவை இரண்டும் கிடையாது.

லண்டனின் ஹாரோவில் இருக்கும், சிலந்தி வளர்ப்பில் நெடுநாள் பழக்கமுள்ள ஓர் அண்ணரை அழைத்தேன். வந்து, சுருங்கிக் கிடந்த சட்டையை ஒரு சொட்டுப் பாத்திரச் சவர்க்காரம் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, தூரிகையால் மெல்ல விரித்தார். வயிற்றுப் பகுதியின் உட்புறத்தில் நான்கு வெள்ளைப் புள்ளிகள்போல் தெரிவன, புத்தகத் தாள்கள்போல் அடுக்கிய சிலந்தியின் 'புத்தக நுரையீரல்'களின் உறைகள். முன்னிரண்டுக்கும் நடுவே உள்ள மடிப்பில், பெண்ணாக இருந்தால், ஆணிடமிருந்து பெறும் விந்தைச் சேமிக்கும் பை ஒரு சிறு மடலாக எழும்பி நிற்கும். அங்கே ஒன்றும் இல்லை.

"சட்டையைப் பார்க்காமல் ஏன் தம்பி வாங்கினீர்?" என்று மட்டும் கேட்டார். மகள் அறையில் இருந்ததால் வேறு எதுவும் சொல்லவில்லை.

விற்றவருக்குப் படங்களை அனுப்பினேன். முதலில், நான் வேறு சிலந்தியைக் காட்டுகிறேன் என்றார். மகள் எடுத்த படத்தை அனுப்பியதும், பாலினத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிறகு எதற்காக "உறுதிசெய்யப்பட்டது" என்று மூடியில் எழுதினீர்கள் என்று கேட்டேன். அதன்பின் அந்த எண் எனக்கு எடுபடவே இல்லை. சந்தை நடத்தியவர்களோ, மேசைக்காரர்களின் விற்பனைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று எழுதினார்கள்.

சட்டம் என் பக்கம்தான் இருந்தது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகர் விற்கும் பொருள் அவர் சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும். வளர்ப்பு உயிர்களும் அதில் அடக்கம். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்றபோது அது இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு வணிகருடையது. எனக்கு ஐந்தாவது மாதத்தில் தெரிந்தது. 100 பவுணுக்கு மேற்பட்ட விலையைக் கடனட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமே கேட்டிருக்கலாம். ஆனால் வழக்குப் போட ஆளின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு துண்டுத்தாள். பணத்தாளை நீட்டிய அந்த நொடியில் சட்டம் தந்த காவல் அத்தனையையும் நானே கழற்றி வைத்துவிட்டேன்.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சட்டை இல்லை என்றால் அதைப் பாலினம் தெரியாத சிலந்தியாக மட்டுமே கருதி, அதற்குரிய விலை மட்டும் கொடுங்கள். நன்கு வளர்ந்ததை அடியிலிருந்து பார்த்துப் பழகியவர்கள் ஓரளவு கணிப்பார்கள். கணிப்புக்குப் பெண் விலை கிடையாது. சட்டை இருந்தால் அது இதே சிலந்தியுடையதா என்று அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். பற்றுச்சீட்டில் இனப்பெயர், பாலினம், வளர்ப்பில் பிறந்தது என்ற குறிப்பு, விற்பவரின் பெயர், முகவரி அத்தனையும் எழுதி வாங்குங்கள். பிறப்புக் குறிப்பைச் சிலர் வீண் வேலை என்பார்கள். காட்டிலிருந்து அளவின்றிப் பிடித்து விற்றதால்தான் செம்முட்டி இனம் 1985இலேயே, அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வந்தது. எங்கள் புலிமுகச் சிலந்திப் பேரினம் முழுவதும் 2019இல் அதே பட்டியலில் சேர்ந்தது. அப்பா சாக்கால் ஒதுக்கிக் காட்டில் விட்ட உயிரை இன்னொருவர் சாக்கில் போட்டு விற்பதற்கு நம் காசு போகக்கூடாது.

பொறுமை இருப்பவர்கள் குஞ்சாகவே வாங்குங்கள். விலை குறைவு. ஒவ்வொரு சட்டை உரிப்பிலும் அது வளர்வதைப் பார்க்கலாம். சட்டைகளை நீங்களே சேர்த்துவைக்கலாம்.

செவ்வந்தி கோடையெல்லாம் இரவு முழுவதும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தது, பெண்ணைத் தேடி. இலையுதிர் காலத்தில் உணவை விட்டது. கால்கள் தடுமாறத் தொடங்கின. 2023 பிப்ரவரியில் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் கால்களை உள்மடித்துக் கிடந்தது. இந்த முறை மல்லாந்து படுக்கவில்லை. மகள் ஒன்றும் கேட்கவில்லை. அதன் கடைசிச் சட்டையைப் பஞ்சு வைத்த பெட்டியில் போட்டு, மூடியில் நாளையும் பெயரையும் எழுதித் தன் மேசையில் வைத்திருக்கிறாள்.

அந்த ஆண்டு அக்டோபரில் நான் மட்டும் மறுபடி அந்தச் சந்தைக்குப் போனேன். அதே மேசை, அதே மனிதர். ஆறு பெட்டிகளில் "வளர்ந்த பெண், உறுதிசெய்யப்பட்டது" என்று எழுதியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஓர் இளைஞன் சட்டை இருக்கிறதா என்று கேட்டான். எறிந்துவிட்டேன் என்றார் அவர். நான் அந்த இளைஞனின் தோளைத் தொட்டு வெளியே அழைத்து வந்தேன்.