மகிளா மிலன் சேமிப்புக் குழு: தாராவியிலிருந்து ஒரு வார்த்தை

மகிளா மிலன், 1986இல் மும்பை பைகுல்லாவில் நடைபாதையில் குடியிருந்த பெண்கள் தொடங்கிய சேமிப்புக் குழு. எங்கள் சந்துக்குத் தினமும் அக்கா ஒருத்தர் வந்து பத்தோ இருபதோ வாங்கி அட்டையில் குறிப்பார். பூ விற்கும் எனக்கு அதுதான் வசதி. மாசக்கடைசியில் மொத்தமாகக் கட்டப் பணத்துக்கு எங்கே போவேன்?

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நாளைக்குக் கட்டப்போகும் வீடு எப்படி இருக்கணும் என்று பெண்களே துணியும் மூங்கிலும் கட்டி முழு அளவில் மாதிரி செய்து பார்ப்பார்கள். உயரம் கூட்டி உள்ளே பரண் போட்டால் பிள்ளைகள் மேலே படுக்கலாம் என்பது சமைக்கிறவளுக்குத்தானே தெரியும்! ஒவ்வொரு குடிசையையும் நாமே எண்ணிக் கணக்கெடுப்பதால் அதிகாரியிடம் தைரியமாகப் பேச முடிகிறது.

வீடு கட்ட நிலம் கிடைக்க வருஷக்கணக்காகும். பொறுமை உள்ளவர்கள் கட்டாயம் சேருங்கள்.